மாம்பூ உதிரும் வரைக்கும்

மார்கழி பிறந்து, பனி கொஞ்சம் விலகிய முதல் நாளில் நாகஜோதி பழைய வேட்டி கிழிப்பாள். புருஷன் முத்துப்பாண்டியின் வேட்டிகளில் கரை நைந்து, தோப்புக்குக்கூடக் கட்ட முடியாது என்று ஆனதை வருஷம் முழுக்க ஒதுக்கி வைத்திருப்பாள். அரிவாள்மனையில் ஓரத்தைக் கீறிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழியும். ஒரு வேட்டிக்கு இருபது துண்டு தேறும். சோடா உப்புப் போட்டு அவித்து, கொடியில் காயவைத்து, நாலாக மடித்து மஞ்சள்பைக்குள் அடுக்குவாள். கடையில் விற்கிற கைக்குட்டை அவளுக்கு ஒரு பொழுதுக்குத் தாங்காது. புதுத்துணி பத்துத் தடவை உரசினால் மூக்குநுனி தோல் உரிந்துபோகும். நைந்த வேட்டிதான் இதம்.

மஞ்சள்பை நிறைந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், இன்னும் பத்து நாளில் அவள் கிளம்புவாள் என்று. மார்கழிக் கடைசியில் போனால், மாம்பூ எல்லாம் உதிர்ந்து பிஞ்சு பிடித்த பிறகு பங்குனியில்தான் திரும்புவாள். பழனிசெட்டிபட்டியில் அவளுக்கென்று ஒரு வாடகை அறை இருந்தது. எட்டு வருஷம் இப்படி நடந்தது.

நாகஜோதி பிறந்தது மயிலாடும்பாறையில். அங்கே மானாவாரிக் காடுதான். மழை பெய்தால் சோளமும் மொச்சையும் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. தொண்ணூற்றாறு ஆவணியில் ஜெயமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, வீடே மாந்தோப்புக்குள் இருந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. மூன்று ஏக்கரில் கல்லாமையும் காசா லட்டுமாக மாமரங்கள் நின்றன. சன்னலைத் திறந்தால் இலை கையில் படும். "எங்க வீட்டுக்கு ஃபேனே வேண்டாம்ணே" என்று மறுவீட்டுக்குப் போனபோது அண்ணன் அழகுமலையிடம் சொன்னாள்.

தலைப்பொங்கல் அன்றைக்கு ஆரம்பித்தது. மரமெல்லாம் பூவெடுத்து நின்ற நேரம். வாசலில் பானையில் பால் பொங்கி வர, குலவை போட வாயைத் திறந்தவள் தும்மினாள். அடுத்து இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. கண் இரண்டும் அரித்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவந்து வீங்கியது. மேல்வாய்க்குள் யாரோ கோழியிறகை விட்டுக் குடைகிற மாதிரி இருந்தது. மூக்கிலிருந்து தண்ணியாக ஒழுகியது. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை.

"புது எடத்துத் தண்ணி ஒத்துக்கல" என்றாள் மாமியார் பஞ்சம்மாள்.

பஞ்சம்மாள் கொடுமைக்காரி இல்லை. நொச்சி இலை பறித்து வந்து அண்டாவில் கொதிக்கவைத்து, மருமகளை உட்காரவைத்துப் போர்வையைப் போர்த்தி, வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டவள்தான். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்குக்கு நேராகக் காட்டினாள். அதில் தும்மல் இன்னும் இருபது கூடியது. பங்குனியில் எல்லாம் தானாக நின்றதும் மஞ்சள் புகைதான் கேட்டது என்று தெரு முழுக்கச் சொன்னாள். அடுத்த தையில் மறுபடியும் வந்தபோது, புகை பத்தவில்லை என்று இரண்டு கொம்பாகச் சுட்டாள்.

மூன்றாவது வருஷம்தான் பெரியகுளத்தில் ஒரு டாக்டர், "வீடு எங்கம்மா? தோப்புலயா? அப்ப இது பூவோட தூள் ஒத்துக்காம வர்ற அலர்ஜி" என்று சொல்லி மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தும்மலைக் குறைத்தது. கூடவே ஆளையும் சாய்த்தது. மகள் வேல்விழி அப்போது ஆறு மாதக் குழந்தை. பால் கொடுத்துக்கொண்டே நாகஜோதி தூங்கிப்போவாள். ஒரு நாள் அடுப்பில் வைத்த பருப்பு கரிந்து புகை வெளியே வந்து, தோப்பில் வேலை செய்தவர்கள் ஓடி வந்தார்கள். அதோடு மாத்திரையை விட்டாள். தும்மினாலும் முழித்துக்கொண்டு இருக்கலாமே.

அந்தப் பக்கத்தில் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசிவிடுவது வழக்கம். யாவாரி வந்து ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து, எவ்வளவு பூ நிற்கும், எவ்வளவு உதிரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்து, ஒரு விலை சொல்லி, வெற்றிலை மேல் அச்சாரம் வைப்பார். இரண்டாயிரத்தில் அப்படி வந்தவர் செல்லப்பாண்டி. தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நாகஜோதி காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் வெற்றிலைத் தட்டை இழுத்து மடியிலிருந்து பணத்தை எடுக்கும் நேரம், அடுப்படியில் தும்மல் ஆரம்பித்தது. செல்லப்பாண்டி கை அப்படியே நின்றது. தும்மல் ஓய்ந்ததும், "வெள்ளிக்கிழம வாரேன் தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை வரவில்லை. அந்த வருஷம் வேறு ஆள் கிடைத்து, காய் முற்றிய பிறகு அடிமாட்டு விலைக்குத் தோப்பு போனது.

"எத்தன தும்மல்டா?" என்று அன்றைக்குப் பஞ்சம்மாள் மகனிடம் கேட்டாள்.

"பதினொண்ணு."

"எண்ணுனியா?"

"யாவாரி எண்ணுனாரு. நானும் எண்ணுனேன்."

"சோடியா வந்தா ஒண்ணுமில்ல. ஒத்தத் தும்மல்தான் ஆகாது. அஞ்சு சோடி போக ஒண்ணு மிஞ்சுதேடா."

நாகஜோதி அடுப்படியிலிருந்து, "பன்னெண்டாவதும் வந்துச்சு அத்தே, நாந்தான் மூக்கப் பொத்திக்கிட்டேன். விட்டுருந்தா ஆறு சோடியாயிருக்கும்" என்றாள். பஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். நாகஜோதியும் சிரித்தாள். முத்துப்பாண்டி சிரித்தானா என்று அவள் பார்க்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு நாள், அவள் வேட்டி கிழித்துக்கொண்டிருந்தபோது முத்துப்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தான். "நீ படுற பாட்டப் பாக்க முடியல புள்ள. பூ முடியிற வரைக்கும் ரெண்டு மாசம் அங்கிட்டு எங்கயாச்சும் போயி இரு. ஒடம்பு முக்கியம்ல" என்றான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்னதிலேயே நீளமான பேச்சு அதுதான். அன்றைக்கு முழுக்க அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். பின்னால் பல வருஷம் அந்தப் பேச்சை வைத்துத்தான் ஒப்பேற்றினாள்.

முதல் வருஷம் மயிலாடும்பாறைக்குப் போனாள். இடுப்பில் வேல்விழி. மூன்று நாளில் மூக்கு அடங்கிவிட்டது. நாலாம் நாளே அண்ணன் பெண்டாட்டி, "அவுக எப்ப வந்து கூட்டிட்டுப் போறாக?" என்று கேட்டாள். ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை, அவள் புருஷனோடு கோவித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பேசித் தீர்த்துவைக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"சண்டையெல்லாம் இல்ல மாமா. தும்மல்."

"எல்லாப் பிள்ளைகளும் மொதல்ல ஏதாச்சும் இப்பிடித்தான் சொல்லும். அடிச்சானா?"

"மாம்பூ ஒத்துக்கல மாமா."

"மாம்பூ ஒத்துக்கலன்னு வாழாம வந்தவள நான் இந்த வயசுலதான் பாக்குறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு அவமானமாகப் போனது. அடுத்த வருஷம் அவன் அழைக்கவில்லை, அவளும் போகவில்லை. முத்துப்பாண்டிதான் பழனிசெட்டிபட்டியில் அறை பார்த்தான். ஒரு வீட்டின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. ஒரு சன்னல், ஒரு ஸ்டவ், தண்ணீருக்குக் கீழே இறங்கி வரவேண்டும். சுற்றிலும் வீடும் கடையும்தான், மாமரமே கிடையாது. இரண்டு மாதத்துக்காக வருஷ வாடகை கொடுக்க முடியாது என்று, மிச்ச நாளில் வீட்டுக்காரம்மா அதில் விறகு போட்டுவைக்கலாம் என்று பேச்சு.

மூக்கு திறந்ததும் முதலில் தெரிந்தது வாசனை. கீழ்வீட்டில் சின்ன வெங்காயம் வதங்கியது. பிளாஸ்டிக் வாளியின் வாசனை, குழந்தையின் தலை வாசனை, மழைவந்தால் சிமெண்டுத் தரை வாசனை, எல்லாம் தனித்தனியாக வந்தன. இரவில் மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு மூச்சு விட முடிந்தது. இதற்கே கும்பிடலாம் என்று நினைத்தாள். மருந்துக்கடைக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. பழைய பேப்பரை வெட்டி, மைதாப் பசை தடவி, மடித்து, நூறு நூறாகக் கட்டுவாள். கைக்கு வேலை இருந்தது. வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்து பசையை நக்கும்.

பிள்ளை ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிறகு அந்தத் துணையும் போயிற்று. பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதம் கூட்டிப்போக முடியாது. வேல்விழி ஜெயமங்கலத்திலேயே அப்பத்தாவிடம் இருந்தது. அந்த வருஷம்தான் நாகஜோதி முதல் முறையாகத் தனியாகப் பொங்கல் வைத்தாள். ஸ்டவ்வில் ஒரு சின்ன ஏனம், ஒரு ஆழாக்கு அரிசி. பால் பொங்கியபோது குலவை போட வாய் வந்தது. ஒற்றை ஆளாக மாடியறையில் குலவை போட்டால் கீழே இருப்பவர்கள் என்னமோ ஏதோ என்று ஏறி வருவார்கள். ஸ்டவ்வைத் தணித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மாசியில் வேல்விழிக்கு அம்மை போட்டது. தகவல் வந்த நிமிஷமே நாகஜோதி பஸ் ஏறிவிட்டாள். பத்து நாள் தோப்பு வீட்டில் இருந்து, ஒரு கையில் வேப்பிலையும் இன்னொரு கையில் வேட்டித் துண்டுமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றியதும் திரும்பிப் போனாள். அந்த வருஷம் பூச்சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி விழுந்து, காலம் தவறி மழையும் பெய்து, பூவில் முக்கால்வாசி கொட்டிப்போனது. அதை அவள் அப்போது தன்னோடு சேர்த்து நினைக்கவில்லை.

முத்துப்பாண்டி முதலில் ஞாயிறுதோறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிறகு மருந்தடிக்கிற வேலை, ஆள் கிடைக்கவில்லை என்று பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆனது. பிறகு செல்போன் வந்தது. "சாப்டியா", "சாப்ட்டேன்", "மூக்கு எப்பிடி இருக்கு", "தேவல." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் போனில் பேசத் தெரியாது. வேல்விழி வாங்கி, "அம்மா, ஒங்க வீட்டுல டிவி வாங்கியாச்சா?" என்று கேட்டது. ஒங்க வீடு. நாகஜோதி திருத்தவில்லை. பிள்ளைக்கு அது அப்படித்தானே இருக்கும்.

ஒவ்வொரு பங்குனியிலும் திரும்பி வரும்போது வீடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். சீனி டப்பா இருந்த இடத்தில் ரவை இருக்கும். அரிவாள்மனை வேறு மூலைக்குப் போயிருக்கும். அவள் துணி வைக்கிற அலமாரித் தட்டில் பூச்சிமருந்துப் பாக்கெட்டும் விசைத்தெளிப்பான் வாசரும் இருக்கும். "சீனி எங்கன இருக்கு?" என்று சொந்த அடுப்படியில் நின்று கேட்பாள். வேல்விழி ஓடி வந்து எடுத்துக் கொடுக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிட்டால், "அப்பத்தா வெள்ளிக்கிழமதாம்மா தேய்க்கும்" என்று சொல்லும். எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர ஆடி ஆகிவிடும். மார்கழியில் மறுபடி வேட்டி கிழிக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது தையில், கவர் கட்டைக் கொடுக்கப் போன இடத்தில் மருந்துக்கடை பிச்சைமணி, "ஏங்க்கா, தும்மலுக்குப் பயந்து ஊரவிட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான். எட்டு வருசமா எங்கடைக்குக் கவர் ஒட்டுறீக, ஒரு நாளாவது அந்தக் கவர்ல போட்டு மாத்திர வாங்கிருக்கீகளா?" என்றான்.

"அதத் தின்னா தூக்கம் வருதுப்பா."

"எந்தக் காலத்து மாத்திரயச் சொல்றீக? இப்ப தூக்கம் வராததெல்லாம் வந்துருச்சு. மூக்குல அடிக்கிற ஸ்பிரே இருக்கு. நானாக் குடுத்தா தப்பு. தேனில ஒரு மூக்கு டாக்டரம்மா இருக்காக, போயிக் காட்டுங்க."

டாக்டரம்மா சின்ன வயசு. மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டார். நாகஜோதி ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல் விழித்தாள். ஸ்பிரேயைக் குலுக்கி, தலையை லேசாகக் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்கணும், அடித்ததும் உறிஞ்சக் கூடாது என்று செய்து காட்டினார். "இன்னைக்கு அடிச்சு நாளைக்கு நிக்காது. தினமும் அடிக்கணும். அடுத்த வருஷம் பூ வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. அரிப்பு இருந்தா மட்டும் ராத்திரி இந்த மாத்திரை. உப்புத்தண்ணி விட்டு மூக்கைக் கழுவுங்க. இதுக்காக யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை."

கடைசிச் சொல்லை அவள் பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு மருந்து கேட்கிறதா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் தும்மலே இல்லையே. ஐந்து வாரம் விடாமல் அடித்த பிறகு, ஒரு நாள் காலையில் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கும்பக்கரை போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கினாள். இரண்டு பக்கமும் யாருடையதோ தோப்புகள், பூத்துக் கிடந்தன. கம்பிவேலி பிரிந்திருந்த இடத்தில் நுழைந்து ஒரு பெரிய மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மடியில் வேட்டித் துண்டு தயாராக இருந்தது. தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. காற்று அடிக்கும்போது பூத்தூள் அவள் சேலைமேல் விழுந்தது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. இளம் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. மாம்பூவுக்கு வாசனை உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷம் மாந்தோப்பில் வாழ்க்கைப்பட்டவள்.

காவல்காரர் பார்த்துவிட்டு வந்தார். "யாரும்மா அது? காயே வரலயே, அதுக்குள்ள வேலி தாண்டிட்டியா?"

"காய்க்கு வரலண்ணே. தும்மல் வருதான்னு பாக்க வந்தேன்."

அவர் மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வந்துச்சா?"

"ரெண்டு வந்துச்சு."

"ரெண்டுதானா? எனக்கே காலையில எந்திரிச்சா ஆறேழு வரும்" என்று சொல்லிவிட்டு, தண்ணி வேண்டுமா என்று கேட்டார். அவளுக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்போல இருந்தது. தண்ணி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

முத்துப்பாண்டியிடம் சொல்லவில்லை. இதுக்கு முந்தி ஆவி, புகை, கஷாயம், நாட்டு மருந்து என்று எத்தனை தடவை "இந்தத் தடவ கேட்டுரும்" என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை வாயால் சொல்ல வேண்டாம், வீட்டில் இருந்து காட்டிவிடலாம் என்று வைத்துக்கொண்டாள். அடுத்த பொங்கல் தன் வாசலில், தன் பானையில், மகளையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குலவை போட்டு வைப்பது. அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

மார்கழி முதல் தேதி ஸ்பிரேயை ஆரம்பித்தாள். வேட்டி கிழிக்கவில்லை. தோப்பு பூவெடுத்தது. காலையில் ஒன்றோ இரண்டோ தும்மல், அதுவும் பனிக்கு எல்லாருக்கும் வருவதுதான். பதினேழாம் தேதி முத்துப்பாண்டி பரணிலிருந்து அவளுடைய பெட்டியை இறக்கினான். வெளியே கொண்டுபோய்த் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தான், அவளுக்குத் தும்மல் வரக்கூடாது என்று.

"இந்த வருசம் போகலங்க" என்றாள். ஸ்பிரேயை எடுத்துக் காட்டினாள். "பதினேழு நாளா அடிக்கிறேன். மரம் பூத்து நிக்கிது. நான் தும்மி நீங்க கேட்டீகளா?"

அவன் யோசித்தான். "கேக்கலதான்."

"பெறகென்ன?"

அவன் பெட்டியைக் கட்டில் மேல் வைத்தான். "அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிரு" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டான்.

பஞ்சம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாகஜோதியும் எதிரே உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு ஆத்தா. மூக்கும் முழியுமா நல்லா இரு. ஆனா..." பஞ்சம்மாள் முறத்தைப் பார்த்தே பேசினாள். "நீ மொத வருசம் அங்கிட்டுப் போன தையிலதான் தோப்பு காச்சது. அதுக்கடுத்த வருசமும் காச்சது. நடுவுல புள்ளைக்கு அம்மைன்னு ஒரு மாசி வந்தியே, அந்த வருசம் என்னாச்சுன்னு ஒனக்கே தெரியும். மறுபடி நீ போன, மறுபடி காச்சது."

"அது தத்துப்பூச்சி விழுந்தது அத்தே. மழ பேஞ்சது."

"இல்லங்கல. ஒம் மேல தப்பே சொல்லல. தோப்புக்கு ஒரு பழக்கமாகிப்போச்சு."

"தோப்புக்கா அத்தே?"

பஞ்சம்மாள் ஒரு பூண்டை உரித்து முறத்தில் போட்டாள். "செல்லப்பாண்டி இப்ப வருசா வருசம் நம்மகிட்டத்தான் வாராக. அன்னைக்கு அவுக எந்திரிச்சுப் போனதுல பயந்துதானே இவன் ஒன்ன அனுப்புனதே. யாவாரி வந்து போற வரைக்கும் அவ இங்கன இல்லாம இருந்தாத் தேவலம்மான்னான்."

"யாரு, ஒங்க மகனா சொன்னாக?"

"பின்ன நானா சொன்னேன்? நான் மஞ்சப் புகையே போதும்னேன்."

நாகஜோதி கையில் இருந்த பூண்டை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். முறத்தில் இருந்த அத்தனையையும் இரண்டு பேரும் உரித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

அன்றைக்குப் பஸ் ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பெட்டி கட்டில் மேலேயே இருந்தது. படுக்கும்போது முத்துப்பாண்டி அதைக் கீழே இறக்கி வைப்பான், காலையில் எழுந்து மறுபடி மேலே வைப்பான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி செல்லப்பாண்டி வருவதாகச் சொல்லிவிட்டிருந்தார். "அவுக வந்துட்டுப் போற வரைக்கும் உள் அறையில இரு ஆத்தா. எதுக்கு வம்பு" என்றாள் பஞ்சம்மாள். நாகஜோதி சரி என்றாள். ஒரு தும்மல் இல்லாமல் இந்த ஒரு பொழுது கழிந்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. காலையிலேயே ஸ்பிரே அடித்து, மூக்கைக் கழுவி, சன்னலை மட்டும் திறந்தே வைத்தாள். பூத்தூள் வந்தால் வரட்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். செல்லப்பாண்டி தோப்பைச் சுற்றிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவது கேட்டது. காப்பித் தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. வேல்விழிதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

"பாப்பா வளந்துருச்சே. ஆத்தாளக் காணோம்?"

"பழனிசெட்டிபட்டில இருக்காண்ணே" என்றான் முத்துப்பாண்டி. "வழக்கம்போல."

"நல்லது, நல்லது. ஒடம்பப் பாத்துக்கிறட்டும்."

வெற்றிலைத் தட்டு தரையில் இழுபட்டது. அச்சாரம் வைத்தாகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். நாகஜோதிக்கு மூக்கு அரிக்கவில்லை, கண் அரிக்கவில்லை. இரண்டு மூக்குத்துளையிலும் காற்று தங்குதடை இல்லாமல் போய்வந்தது. பூ வாசனை அறை முழுக்க இருந்தது.

யாவாரியை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, முத்துப்பாண்டி துண்டு எடுக்க அறைக்குள் வந்தான். கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் நின்றான், அவள் அங்கே இருப்பதை மறந்துபோன மாதிரி.

"தும்மல. கவனிச்சீகளா?" என்றாள்.

"ம்."

"பழனிசெட்டிபட்டில இருக்கான்னு சொன்னீக."

"அந்த நேரத்துக்கு வேற என்னத்தச் சொல்ல?" கதவுத் தாழ்ப்பாளில் ஒரு ஆணி ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"அன்னைக்கு நான் வேட்டி கிழிக்கயில வந்து உக்காந்தீக. நீ படுற பாட்டப் பாக்க முடியலன்னீக. அதுவும் யாவாரிக்காகத்தானா?"

ஆணியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம். "அதும்தான், இதும்தான்" என்றான்.

அவள் அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தலையை ஆட்டினாள். "நாளான்னிக்குப் பொங்கல். நான் இங்கன பான வைக்கிறதா, அங்கன போயி வைக்கிறதா? அத்த சொல்ல வேண்டாம். ஒங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

முத்துப்பாண்டி கட்டில் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தான். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

வேல்விழி கையில் படியோடு உள்ளே வந்தது. "அப்பா, அப்பத்தா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. பொங்கலுக்கு அரிசி மூணு பேருக்கு எடுக்கவா, நாலு பேருக்கு எடுக்கவா?"

நாகஜோதி மகளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா?"

அவன் தாழ்ப்பாள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேல்விழி அம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. படியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்து வெளியே போய்விட்டது.